கட்டைவிரல் நகமும் ஒரு டெக்ஸ்ட் எடிட்டரும்

"போட்டோ பார்க்கிறதுக்கு யாராவது டெக்ஸ்ட் எடிட்டரைத் திறப்பாங்களா? கிரைண்டர்ல துணி துவைக்கிற மாதிரி இருக்கு!" தங்கமணி ஒருநாள் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். திரையில ஓடிட்டிருந்தது ஈமேக்ஸ், நிரல் எழுதறவங்க பயன்படுத்தற எடிட்டர். அதுக்குள்ள எங்க குடும்பத்தோட பழைய போட்டோக்கள் சின்னச் சின்னக் கட்டமா வரிசை கட்டி நின்னுட்டிருந்தது.

அரை நிமிஷத்துல பதில் சொல்லப் பார்த்தேன், முடியலை. ஏன்னா பதில் 1974ல ஆரம்பிக்குது. அதான் பதிவாவே எழுதிட்டேன். கொஞ்சம் நீளம். டீயோட உக்காருங்க :-)

முதல்ல ஒரு சின்ன கொசுவர்த்திச் சுருள். 2009ல தாத்தா வீட்டுப் பெட்டியில கிடந்த போட்டோக்களை எல்லாம் ஒரு ஸ்டுடியோவுல கொடுத்து ஸ்கேன் பண்ணி வாங்கினேன். மொத்தம் 1,140 படம். எல்லாத்துக்கும் ஒரே பேருதான், 'ஸ்கேன்'. பின்னாடி ஒரு எண் மட்டும் மாறும். அதுல இருக்கிறது யார் யாருன்னு சொல்லத் தெரிஞ்சவங்க எங்க பெரியத்தை ஒருத்தர்தான். ரெண்டு நாள் பக்கத்துல உக்காந்து, அவங்க சொல்லச் சொல்ல, ஒரு போட்டோ மென்பொருள்ல (பேரு வேண்டாம், பாவம்) ஒவ்வொரு படத்துக்கும் பேரு போட்டேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு கணினியை மாத்தினேன். படமெல்லாம் பத்திரமா வந்துடுச்சு. பேரு ஒண்ணுகூட வரலை! பேரெல்லாம் அந்த மென்பொருளோட சொந்தக் களஞ்சியத்துல, அதுக்கு மட்டுமே புரியற வடிவத்துல இருந்திருக்கு. அதை நகல் எடுக்கணும்னு எனக்குத் தெரியலை. திரும்ப அத்தைகிட்ட போய் நின்னேன். "மறுபடியுமாடா?"ன்னு கேட்டுட்டு கண்ணாடியைப் போட்டுக்கிட்டாங்க. ஆனா இந்தத் தடவை பாதி முகத்துக்கு "யாரோ நம்ம மனுஷாதான், பேரு வரலையே"ங்கிறதுதான் பதில்.

அப்பதான் புரிஞ்சுது. போட்டோவை எதுல பார்க்கிறோம்ங்கிறது பெரிய விஷயமில்லை. போட்டோவைப் பத்தி நாம எழுதி வைக்கிறது எங்க போய் உக்காருதுங்கிறதுதான் விஷயம். ஈமேக்ஸ் பக்கம் போனது அதுக்காகத்தான். போன பிறகுதான் அதுக்குப் பின்னால இப்படி ஒரு கதை இருக்கிறதே தெரிஞ்சுது.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

அந்தக் காலத்துல கணினியில ஒரு கோப்பை அழிக்கணும்னா ரெண்டு வேலை. முதல்ல பட்டியலைக் கேட்கணும், திரையில (இல்லாட்டி காகிதத்துல) வரிசையா பேரு வரும். அப்புறம் அதுல ஒரு பேரைப் பார்த்து, எழுத்து பிசகாம மறுபடி தட்டச்சு பண்ணி, "இதை அழி"ன்னு கட்டளை கொடுக்கணும். பட்டியல் வேற, வேலை வேற. பட்டியல் வெறும் பார்வைக்கு மட்டும்தான்.

1974ல ஸ்டான்ஃபோர்டு செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துல ஸ்டான் குகெல்னு ஒருத்தர் இதை மாத்தினார். அவர் எழுதின நிரலுக்குப் பேரு 'டிரெட்'. டைரக்டரி எடிட்டர்ங்கிறதோட சுருக்கம். அடைவுல இருக்கிற கோப்புகளோட பட்டியல் திரையில வரும். அந்தப் பட்டியலுக்குள்ளேயே கர்சரை மேலயும் கீழயும் நகர்த்தலாம். வேணாம்ங்கிற கோப்போட வரியில நின்னு ஒரு விசையைத் தட்டினா அதுக்கு ஒரு குறி விழும். பேரை மறுபடி தட்டச்சு பண்ண வேண்டியதில்லை. மளிகை லிஸ்ட்டுல வாங்கினதை எல்லாம் பேனாவால டிக் அடிப்போமே, அதே மாதிரி. பட்டியலே வேலை செய்யற இடமா மாறிடுச்சு.

இன்னைக்கு நாம 'ஃபைல் மேனேஜர்'னு சொல்ற வகையில முதல்னு பொதுவா இதைத்தான் சொல்றாங்க. ஐகான் வச்ச திரையோட ஜெராக்ஸ் ஸ்டார் விற்பனைக்கு வந்தது 1981ல. நம்மில் பல பேருக்குப் பழக்கமான நார்ட்டன் கமாண்டர் (நீலத் திரை, ரெண்டு பத்தி, ஞாபகம் இருக்கா?) வந்தது 1986ல. டிரெட் ரெண்டுக்கும் முன்னாடி.

இப்ப காட்சியை அமெரிக்காவோட மறுகரைக்கு மாத்துவோம். எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துல டெகோன்னு ஒரு எடிட்டர் இருந்தது. 1960களோட தொடக்கத்துல டான் மர்ஃபி எழுதினது. எழுதறது ஒரு பக்கம், அதுல என்ன மாத்தணும்னு கட்டளை கொடுக்கிறது இன்னொரு பக்கம்னு கண்ணைக் கட்டிட்டு வேலை பார்க்கிற மாதிரி இருக்கும். அங்க வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், ஸ்டான்ஃபோர்டு ஆய்வகத்துக்குப் போயிருந்தப்ப அங்க 'ஈ'ங்கிற ஒரே எழுத்துப் பேரோட இருந்த எடிட்டரைப் பார்த்தார். தட்டச்சு பண்ணப் பண்ண திரையில உடனே மாறுது! அந்த ஆச்சரியத்தோட எம்ஐடிக்குத் திரும்பினார். அங்க டெகோவுலயும் திரையைப் பார்த்துக்கிட்டே திருத்தற வசதி ஒண்ணு சேர்ந்திருந்தது. அதை மேம்படுத்தினார். ஆளாளுக்கு அது மேல மேக்ரோ எழுதிக் குவிச்சாங்க. அதையெல்லாம் ஒழுங்குபடுத்தி ஒண்ணாக்கற வேலையை கை ஸ்டீல் தொடங்க, ஸ்டால்மன் முடிக்க, 1976ல ஈமேக்ஸ் பிறந்தது. டிரெட்டும் பின்னாடியே அதுக்குள்ள குடிவந்தது. 1985ல ஸ்டால்மன் குனு ஈமேக்ஸை வெளியிட்டப்பவும் கூடவே வந்தது.

ஒரு எடிட்டருக்குள்ள டிரெட் வந்து சேர்ந்ததுல ஒரு பெரிய லாபம். கோப்புப் பட்டியலும் இப்ப ஒரு சாதாரண எழுத்துப் பக்கம். எழுத்துல தேடறதுக்கு என்னென்ன விசை இருக்கோ, அதெல்லாம் பட்டியல்லயும் வேலை செய்யும். புதுசா எதையும் கத்துக்க வேண்டாம். 1990-91ல செபாஸ்டியன் கிரெமர் டிரெட்டைப் புதுசா எழுதினார். துணை அடைவுகளை ஒரே பக்கத்துல விரிக்கிறது, வரிசை மாத்தறது, நட்சத்திரக் குறி போட்டு நூறு கோப்பைப் பொறுக்கி எல்லாத்துக்கும் ஒரே கட்டளையைக் கொடுக்கிறதுன்னு இன்னைக்கு நாம பார்க்கிற டிரெட் பெரும்பாலும் அவர் கைவண்ணம்தான்.

இவ்வளவும் எழுத்து பத்தின கதை. படம் எங்கே?

குனு ஈமேக்ஸுக்குப் படமே காட்டத் தெரியாது. அதுலிருந்து பிரிஞ்சு போன எக்ஸ்ஈமேக்ஸுக்கு முன்னாடியே தெரியும், இவருக்குத் தெரியாது. கெர்ட் மொல்மன் திரையில எழுத்தை வரைகிற பகுதியை அடியோட மாத்தி எழுதின பிறகு, 2001 அக்டோபர்ல வந்த 21ஆம் பதிப்புலதான் எழுத்து வரிக்கு நடுவுல படமும் உக்கார முடிஞ்சுது.

நேரமும் சரியா அமைஞ்சுது. டிஜிட்டல் கேமராக்கள் வீட்டுக்குள்ள நுழையற காலம் அது. கூடவே ஒரு தலைவலியையும் கொண்டுவந்தது. கேமராவுல இருந்து வர்ற படங்களுக்கு ஏன் எப்பவும் நாலு எழுத்து, நாலு எண்ணுன்னு பேரு இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? 1998ல ஜப்பான்ல உருவான ஒரு விதிதான் காரணம். டிசிஎஃப்னு பேரு. எந்த கேமராவுல எடுத்த படமும் வேற எந்த கேமராவுலயும் தெரியணும்ங்கிறதுக்காக அடைவுப் பேரு, கோப்புப் பேரு ரெண்டையும் கட்டிப் போட்டாங்க. கோப்புக்கு மொத்தம் எட்டு இடம். முதல் நாலு கேமராக்காரங்க இஷ்டம். அடுத்த நாலு 0001ல இருந்து 9999 வரைக்கும் எண். நல்ல நோக்கம்தான். ஆனா பத்தாயிரமாவது படம் எடுத்தா எண் திரும்ப முதல்ல இருந்து. ரெண்டு வருஷத்துப் படங்களை ஒரே அடைவுல கொட்டினா ஒரே பேருல ரெண்டு படம் இடிச்சுக்கும். பேரைப் பார்த்து உள்ள என்ன இருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது.

ஆக, பட்டியல் மட்டும் இருந்தாப் பத்தாது. பட்டியலுக்குப் பக்கத்துல படமும் தெரியணும்.

ஜான்-ஃபிலிப் தேபெர்ஜ் எழுதின 'தம்ப்ஸ்'ங்கிற ஈமேக்ஸ் நிரல் படங்களைச் சிறுபடமா வரிசைப்படுத்திக் காட்டிச்சு. மத்தியாஸ் டால்ங்கிறவர் அதைப் பயன்படுத்திப் பார்த்தார். அவர்கிட்ட ரெண்டாயிரத்துக்கும் மேல படம், எல்லாம் ஒரே அடைவுல (நம்மாளு!). அத்தனைக்கும் சிறுபடம் தயாராகிற வரைக்கும் காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. 2005ல தானே ஒண்ணு எழுதினார். அதோட நிரல் கோப்புலயே, தான் ஏன் இதை எழுதினேன்னு ஒரு குறிப்பும் வச்சிருக்கார். முன்னாடி பயன்படுத்தின படத்தொகுப்பு மென்பொருள்ல ஒரே நேரத்துல பல கோப்பு மேல வேலை செய்ய முடியலை, விஷயமும் தன் கட்டுப்பாட்டுல இல்லைன்னு குறைப்படறார். கோப்புகளைக் கையாளற வேலையெல்லாம்தான் டிரெட் ஏற்கெனவே செய்யுதே, படம் காட்டறதை மட்டும் சேர்த்தாப் போதுமேங்கிறது அவர் யோசனை. அந்தக் குறிப்பைப் படிச்சப்ப என் கதையை வேற யாரோ எழுதின மாதிரி இருந்தது.

அவர் வச்ச பேரு 'தும்மே'. தும்மலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை :-) ஸ்வீடிஷ் மொழியில கட்டைவிரல்னு அர்த்தம். சிறுபடத்தை ஆங்கிலத்துல கட்டைவிரல் நகம்னுதானே சொல்றாங்க, அந்தக் கணக்கு. பிறகு இது ஈமேக்ஸோட சேர்ந்தப்ப பேரு புரியணும்னு 'இமேஜ்-டிரெட்'னு மாத்தினாங்க. 2007 ஜூன்ல வந்த 22ஆம் பதிப்போட எல்லாருக்கும் கிடைச்சது. 21க்கும் 22க்கும் நடுவுல கிட்டத்தட்ட ஆறு வருஷ இடைவெளி! ஈமேக்ஸ்காரங்க அவசரப்பட மாட்டாங்க.

இது எப்படி வேலை செய்யுதுன்னு சுருக்கமா சொல்றேன். டிரெட்ல வேணும்ங்கிற படங்களுக்கு நட்சத்திரம் போடறோம். ஒரு விசைச் சேர்க்கையைத் தட்டினா பக்கத்துல இன்னொரு பகுதி திறந்து அந்தப் படங்களோட சிறுபடங்கள் மட்டும் வருது. கேட்டதுக்கு மட்டும்தான் சிறுபடம் தயாராகும், ஒருதடவை தயாரானதைச் சேமிச்சு வச்சுக்கும். அந்த வேகத்துக்கு இதுதான் காரணம். சிறுபடத்துல கர்சரை நகர்த்தினா, இந்தப் பக்கம் பட்டியல்லயும் அதே கோப்போட வரிக்கு நகருது. சிறுபடத்துல குறி போட்டா பட்டியல்ல குறி விழுது. படமும் வரியும் ஒண்ணோட ஒண்ணு கைகோத்து நிக்குது.

படத்தைச் சின்னதாக்கற வேலையை 2007ல ஈமேக்ஸ் தானே செய்யலை. 1990ல வெளிவந்த இமேஜ்மேஜிக்கைக் கூப்பிட்டு வாங்கிக்கிச்சு. படத்தைத் திருப்பணும்னா ஜேபெக்டிரான்ங்கிற நிரல். ஜேபெக் படத்தைப் பிரிச்சு மறுபடி சேமிச்சா ஒவ்வொரு தடவையும் தரம் கொஞ்சம் குறையும். இது பிரிக்காமலேயே உள்ளிருக்கிற கட்டங்களை இடம் மாத்தி வைக்கும், அதனால தரம் குறையாது. பக்கத்து வீட்டுல ஆள் இருக்கிறப்ப எல்லா வேலையையும் நாமளே ஏன் செய்யணும்ங்கிற புத்தி.

ஆனா எனக்கு முக்கியமானது குறிச்சொல். குறி போட்ட படங்களுக்கெல்லாம் ஒரே தட்டுல குறிச்சொல் சேர்க்கலாம். அதெல்லாம் எங்க போய் உக்காருது? ஒரு சாதாரண எழுத்துக் கோப்புல. ஒரு படத்துக்கு ஒரு வரி. முதல்ல படத்தோட பேரு, ஒரு அரைப்புள்ளி, ஒரு குறிச்சொல், அரைப்புள்ளி, அடுத்த குறிச்சொல். அவ்வளவுதான். பெரிய களஞ்சியம், கட்டமைப்பு எல்லாம் கிடையாது. நாளைக்கு ஈமேக்ஸே இல்லைன்னாலும் இதைத் திறந்து படிக்கலாம்.

அதே 22ஆம் பதிப்புல இன்னொரு அதிசயமும் வந்தது. ஹுவான் லியோன் லாஹோஸ் கார்சியா எழுதின 'டபிள்யூ-டிரெட்'. பட்டியலை எழுதக்கூடிய பக்கமாவே மாத்திடும். இன்னைக்கு டிரெட்ல கண்ட்ரோல்-எக்ஸ், கண்ட்ரோல்-க்யூ தட்டிட்டு, கோப்போட பேரை ஏதோ கட்டுரையில எழுத்துப்பிழை திருத்தற மாதிரி திருத்தலாம். தேடி மாத்தற கட்டளை கொடுத்தா முந்நூறு பேரும் ஒரே மூச்சுல மாறும். முடிச்சுட்டேன்னு சொன்னதும் பழைய பேரையும் புதுப் பேரையும் ஒப்பிட்டுப் பார்த்து நிஜமாவே கோப்புகளோட பேரை மாத்தும். 1974ல குகெல் ஆரம்பிச்சதை இது கடைசிவரை கொண்டு போயிடுச்சுன்னு எனக்குத் தோணும். அன்னைக்குப் பட்டியல் மேல குறி போடலாம்னு வந்தது, இப்ப பட்டியலையே திருத்தி எழுதினா கோப்பும் மாறுது.

நம்ம தமிழுக்கும் இதுல பங்கு உண்டு. 2009ல வந்த 23ஆம் பதிப்புல ஈமேக்ஸ் உள்ளுக்குள்ள யூனிகோடுக்கு மாறினது. 2020ல வந்த 27ஆம் பதிப்புல எழுத்துருக்களைக் கோத்துக் காட்ட ஹார்ஃப்பஸ் நூலகம் வந்தது. கொம்பும் காலும் அதது இடத்துல நிக்கறதுக்கு இதெல்லாம் வேணும். உலக மொழிகள்ல வணக்கம் சொல்ற பக்கம் ஒண்ணு ஈமேக்ஸ்ல இருக்கு. அதுல நம்ம 'வணக்கம்' இருக்கிறதை முதல்முதலா பார்த்தப்ப ஒரு சின்னப் பெருமை, மறைக்க மாட்டேன்.

குறையே இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. குறிச்சொல் கோப்போட பேரை நம்பி நிக்குது. குறிச்சொல் போட்டுட்டு அப்புறமா படத்தோட பேரை மாத்தினா ரெண்டும் பிரிஞ்சுடும். முதல்ல பேரை மாத்து, அப்புறம் குறிச்சொல் போடுங்கிற பாடத்தை அடிபட்டுத்தான் கத்துக்கிட்டேன். ஆனா எழுத்துக் கோப்புங்கறதால அதையும் தேடி மாத்திச் சரிபண்ண முடிஞ்சுது. இன்னொண்ணு, இமேஜ்-டிரெட் ரொம்ப வருஷம் பெரிய மாற்றமில்லாம அப்படியே கிடந்தது. 27ஆம் பதிப்புல படத்தைச் சின்னதாக்கவும் திருப்பவும் ஈமேக்ஸ் தானே கத்துக்கிச்சு. அப்புறம் ஸ்டெஃபான் காங்காஸ் உக்காந்து தூசி தட்ட, 2023 ஜூலைல 29ஆம் பதிப்போட புதுப்பொலிவு வந்தது.

இதுக்கு நடுவுல வேற எத்தனையோ வந்தது, போனது. கூகிள் 2004ல வாங்கின பிகாசாவை 2016ல நிறுத்திட்டாங்க. ஆப்பிள் 2005ல கொண்டுவந்த அப்பர்ச்சரை 2015ல விற்பனையிலிருந்து எடுத்துட்டாங்க. (நான் மேல சொன்னது இது ரெண்டும் இல்லை.) ரெண்டுமே அழகா இருந்தது, குறை சொல்ல மாட்டேன். இன்னைக்கு ஃபோன்லயே ஒரே முகத்தை எல்லாம் தானா ஒண்ணு சேர்த்துக் காட்டுது. ஆனா "இவர் யார்?"னு அதுவும் நம்மைத்தான் கேக்குது. பேரு சொல்ல ஒரு அத்தை வேணும்.

அந்த ரெண்டாவது தடவைக்கு வர்றேன். 2011ல முதல் வேலையா 1,140 படத்துக்கும் டபிள்யூ-டிரெட்ல பேரை மாத்தினேன். வருஷம், ஊரு, என்ன விசேஷம். அப்புறம் அத்தை பக்கத்துல உக்காந்து சிறுபடங்களை ஒவ்வொண்ணா நகர்த்தினேன். அவங்க பேரு சொல்லுவாங்க, நான் தட்டச்சு பண்ணுவேன். தெரியலைன்னு சொன்னதுக்கு 'யாரோ நம்மவர்'னு ஒரு குறிச்சொல் போட்டேன். 212 படம் அந்தப் பேருல இருக்கு. முதல் தடவை அந்த 212லயும் நிறைய பேருக்கு அத்தை பேரு சொல்லியிருந்தாங்க. அந்தப் பேரெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லை. கூட உக்காந்து தட்டச்சு பண்ணின ஆளு நானேதான்.

2014ல அத்தை காலமானாங்க. இனிமே அந்த 212க்குப் பேரு வராது. மிச்சம் 928 படத்துக்கும் பேரு இருக்கு. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப எல்லாத்தையும் ஒரு பென்டிரைவ்ல போட்டு அத்தை பேரன்கிட்ட கொடுத்தேன். அவனுக்கு ஈமேக்ஸும் தெரியாது, டிரெட்டும் தெரியாது. குறிச்சொல் கோப்பை நோட்பேட்ல திறந்தான். வரி வரியா கீழ போயிட்டே இருந்தவன் ஒரு இடத்துல நின்னு, "மாமா, இந்த 'பம்பாய் சித்தப்பா' யாரு? பதினேழு படத்துல வர்றாரே?"ன்னு கேட்டான்.

எனக்குத் தெரிஞ்சதைச் சொல்ல ஆரம்பிச்சேன். அவன் அந்த வரிகளுக்குக் கீழயே அதையும் தட்டச்சு பண்ண ஆரம்பிச்சான்.

தங்கமணிக்கு இதுதான் பதில். படிச்சுட்டு, "சரி, நம்ம கல்யாண போட்டோவுக்கு எப்ப பேரு போடப் போறீங்க?"ன்னு கேட்டாங்க. எஸ்கேப் ஆகிட்டேன் :-)

டிஸ்கி: ஈமேக்ஸுக்கு மாறுங்கன்னு சொல்ல வரலை. விஐ கட்சிக்காரங்க சண்டைக்கு வராதீங்க. எதுல வேணும்னாலும் போட்டோ பாருங்க. ஆனா வீட்டுல பெரியவங்க இருந்தா இந்த ஞாயிற்றுக்கிழமை பழைய ஆல்பத்தோட பக்கத்துல உக்காருங்க. அவங்க சொல்ற பேரை ஒரு சாதாரண எழுத்துக் கோப்புல எழுதி வைங்க.